தாய்மாமன் சீரில் ஒரு காயின்

பானுப்ரியா: ...அதெல்லாம் இருக்கட்டும்டா தம்பி. வெள்ளிக்கிழம பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் நீ. தங்கத் தோடு எங்க?

தமிழழகன்: அதத்தானக்கா சொல்லிக்கிட்டிருக்கேன். தங்கமெல்லாம் பழைய காலம். இனிமே காயின்தான்.

பானுப்ரியா: இதச் சொல்லவா அரியலூர்லேருந்து பஸ் ஏறி குரும்பலூர் வந்த? சரி, காட்டு பாப்போம்.

தமிழழகன்: இந்தா... போன்ல.

பானுப்ரியா: பச்சையா ஒரு வட்டம் சுத்துது.

தமிழழகன்: அதான். பொன்னேரி காயின்.

பானுப்ரியா: ஏரி பேரு வச்சவன் தண்ணி காட்டாம விடுவானா! இத யாரு அடிக்கிறா? ரிசர்வ் பேங்கா?

தமிழழகன்: கம்ப்யூட்டரே அடிச்சுக்கும்.

பானுப்ரியா: கரண்டு போனா?

தமிழழகன்: அக்கா...

பானுப்ரியா: இத வச்சு பெரம்பலூர் பஸ்டாண்டுல ஒரு டீ குடிக்க முடியுமா?

தமிழழகன்: இது செலவு பண்றதுக்கு இல்லக்கா. வச்சிருக்கறதுக்கு. வச்சிருந்தா ஏறும்.

பானுப்ரியா: எப்புடி ஏறும்?

தமிழழகன்: எனக்குக் கீழ மூணு பேரு சேரணும். அவங்களுக்குக் கீழ மும்மூணு பேரு...

பானுப்ரியா: அப்ப காயின் ஏறல. ஆளுங்கதான் ஏமாந்து ஏமாந்து ஏறணும்.

தமிழழகன்: நேர்ல பாத்தா இப்புடிப் பேசமாட்ட. ஜெயங்கொண்டத்துல மண்டபம் புடிச்சு மீட்டிங் போட்டாங்க. கோட்டு போட்ட சார் ஒருத்தரு. நெய் ரோஸ்ட்டு, கேசரி...

பானுப்ரியா: கேசரிக்கு விழுந்துட்டியா!

தமிழழகன்: முந்திரி நெறய போட்டிருந்தாங்கக்கா...

பானுப்ரியா: நம்ம கொல்லையிலயே முந்திரி காய்க்குது. அத வறுத்துத் தின்னுட்டு வூட்டுல கெடந்திருக்கலாம். இதுவரைக்கும் யார சேத்த?

தமிழழகன்: கொளஞ்சியப்பன் சித்தப்பாவ.

பானுப்ரியா: அடப்பாவி! அவருகிட்ட பட்டன் போனுதானடா இருக்கு!

தமிழழகன்: அதான் அவரு காயினும் என் போன்லயே சுத்துது.

பானுப்ரியா: மீதி ரெண்டு பேரு?

தமிழழகன்: அது வந்து... காது குத்துக்கு சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்கல்ல. கறிச்சோறு தின்னுட்டு கண்ணு சொக்கி உக்காந்திருக்கற நேரமா... ஒரு பத்து நிமிஷம் பேசிக்கிறேன்.

பானுப்ரியா: வாய மூடு! பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு சபையில உக்காரப்போறவன் நீ. ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு, "தோட்டக் குடுங்க"ன்னா எத நீட்டுவ?

தமிழழகன்: சீர்த்தட்டுல தேங்கா, பழம், பட்டுப்பாவாட... நடுவுல போன வச்சு...

பானுப்ரியா: ஆசாரி என்ன, பாப்பா காதுல ஓ.டி.பி.யவா மாட்டுவாரு?

தமிழழகன்: கிண்டல் பண்ணாதக்கா.

பானுப்ரியா: கிண்டலா? வயிறு எரியுதுடா. தங்கம்னா ஆத்திர அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம். இத எந்த அடகுக்கட வாங்கும்? போன மாசம் தோடு எடுத்தாச்சுன்னு போட்டோ அனுப்புனியே... அது எங்க?

தமிழழகன்: அது... பாப்பா தூங்குதாக்கா?

பானுப்ரியா: அழகு... என்னப் பாத்துச் சொல்லு.

தமிழழகன்: வித்துட்டேன்க்கா.

பானுப்ரியா: என்னது?

தமிழழகன்: வித்து காயின்ல போட்டுட்டேன். திரும்ப எடுக்கலாம்னு பாத்தா, சர்வர் வேல செய்யலன்னே வருது. கோட்டு சார் போன எடுக்கமாட்டேங்கறாரு. தூக்கமே இல்லக்கா. மாமா மூஞ்சில எப்புடி முழிப்பேன்... அக்கா? ஏய்... நீ ஏன் இப்புடி அழுவுற?

பானுப்ரியா: என்னப் பேசவிடாத... போ அங்கிட்டு...

தமிழழகன்: பாவம் பண்ணிட்டேன். அழுவாதக்கா. இப்போதைக்குப் பாப்பா காதுல கவரிங் போட்டு சமாளிச்சுடலாம்...

பானுப்ரியா: பாப்பா காதுக்குக் கவரிங் போதும்டா, மடையா! காது குத்துன மறுநாளே அந்தத் தோட்ட வித்து வேற ஒரு காயின்ல போடறேன்னு எதுத்த வூட்டு கமலவேணி டீச்சருகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்... அது ஒன்னுது மாதிரி டுபாக்கூர் இல்லடா, ஒன்னத்தான் எனக்குக் கீழ மொத ஆளா சேத்து வச்சிருக்கேன்!