போன் அணைந்திருந்த அரை மணி நேரம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டுப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னார்: "நேத்து ஒரு கடை வைஃபைல பேங்க் பக்கத்தைத் திறந்தேன். போனே என்னை உள்ள விடலை, அல்ஹம்துலில்லாஹ்."

"ஏன் மதினி?"

"'இந்தப் பக்கத்தோட சான்றிதழை நம்ப முடியாது'ன்னு சிவப்பா காட்டுச்சு. பாஸ்வேர்டு போடாம மூடிட்டேன். பேங்க்ல கேட்டா, அது போலிப் பக்கமாம்."

"சான்றிதழ்னா அது நிஜமான பக்கம்தான்னு காட்டுற அத்தாட்சி. பழைய சாப்ட்வேர்ல அதைச் சரிபார்க்கிற இடத்துலயே ஓட்டை. போலியையும் நம்பியிருக்கும். போன வாரம் உங்க போன்ல நான் போட்ட அப்டேட்தான் அதை அடைச்சுது. அதுக்குத்தான் என்னைத் திட்டினீங்க."

"திட்டாம? அரை மணி நேரம் போன் அணைஞ்சு கிடந்துச்சு. அந்நேரம் துபாய்லேருந்து உங்க அண்ணன் கூப்பிட்டா? அந்தப் பயத்துலதான் எப்பவும் 'பிறகு'ன்னே அழுத்திட்டிருந்தேன். நீ நல்லா இருக்கணும்மா."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அவர் போன்லயும் போடலையாம். நான் கூப்பிட்டா கிடைக்கணுமாம்."

நாத்தனார் சிரித்து முடிப்பதற்குள் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. முன் சீட்டுப் பெண் போனை வாயருகே வைத்து, கணவருக்குப் பேசி அனுப்பினார்.

"இப்பவே அப்டேட் போடுங்க. அரை மணி நேரம் நான் கூப்பிட மாட்டேன்."