எடுத்தவர் பெயர்

படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது நல்லது. இதை நான் யாரிடமும் சொல்வேன். இன்று காலை என் கைரேகையை எடுத்த காவலரிடமும் சொன்னேன். ஓய்வு நேரத்தில் பிறந்தநாள் விழாக்களுக்குப் படம் எடுக்கிறாராம். எங்கே போட்டு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் போடுகிற இடத்தில்தான் என்றார். என் கட்டைவிரலை மையில் உருட்டிக்கொண்டே, "சொந்தத் தளம்னா ரொம்ப சிரமமா சார்?" என்று கேட்டார். சிரமமில்லை, பொறுமைதான் வேண்டும் என்றேன். விரலை ஆட்டாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கைப்படவே எழுதச் சொன்னீர்கள், மேடம். நல்ல ஏற்பாடு. பேசினால் நடுவில் மறித்துக் கேள்வி கேட்பீர்கள். என் மனைவி போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பை இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. அதனால் எங்காவது விஷயத்தைவிட்டு விலகிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களைப் படம் எடுப்பது எங்கள் தொழில். 'எங்கள்' என்று நான் எழுதுவதை என் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நாங்களும் ஊரே படம் போடுகிற ஒரு பெரிய பொதுத் தளத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஓட்டல் ஒன்றின் சுழல் படிக்கட்டை அவள் மேலிருந்து எடுத்தாள். நத்தையின் ஓட்டைப் பிளந்து பார்த்ததுபோல் இருக்கும். அந்தப் படத்தை ஒட்டினாற்போல் மலச்சிக்கல் மருந்து விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள். நான் கொதித்துப்போனேன். அவள் சிரித்துக்கொண்டே, "பொருத்தமாத்தான் போட்டிருக்கான். வளைஞ்சு வளைஞ்சு எல்லாம் கீழதானே போகுது" என்றாள்.

அடுத்து, படங்களை விற்றுத் தரும் ஒரு முகவர் நிறுவனத்திடம் போனோம். விற்றதில் பெரும்பங்கு அவர்களுக்கு. போகட்டும் என்றால், உயரமான கோபுரத்தைச் சதுரமாக வெட்டி, பீரோ மாதிரி ஆக்கி வைத்தார்கள். படக் கோப்பின் அளவைச் சுருக்கிச் சுருக்கி, செங்கல் சுவர் மழையில் நனைந்த செய்தித்தாளாகிவிட்டது. யார் வாங்கினார்கள் என்று கேட்டால் அது இரகசியமாம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். தளத்தை நானே கட்டினேன். மேடம், அவளுக்கு அதில் ஒரு துரும்பளவு வேலைகூட நான் வைக்கவில்லை.

தளம் தயாரானபோது ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னது. எடுத்தவர் பெயர். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, "பேரு கேக்குது, என்ன போட?" என்றேன்.

"ஏதாவது ஒண்ணு போடுங்க, கண்ணுல சோப்பு" என்றாள்.

ஏதாவது ஒன்று போட்டேன். என் பெயரும் அதில் அடங்கும்தானே. அதன்பின் ஏற்றிய ஒவ்வொரு படத்தின் கீழும் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்தத் தளத்தில் ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டால், நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை 'ஓனர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள், அவ்வளவுதான். ஓனர், ட்ரைபாட் எங்கே. ஓனர், குப்பை வண்டி வந்திருக்கு. கட்டட வடிவமைப்பாளர்கள் நேரடியாக எனக்கு எழுதினார்கள். நடுவில் ஆளில்லை, தரகில்லை. 'உங்கள் பார்வை அபாரம்' என்று ஒருவர் எழுதியதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"ஓனர் பார்வையா? கண்ணாடியைக் கழட்டினா சோத்துத் தட்டு எங்க இருக்குன்னே தெரியாது" என்றாள்.

மாமியார்தான் விடவில்லை. காலையில் மற்றவர்கள் செய்தித்தாளைப் பிரிப்பதுபோல அவர் எங்கள் தளத்தைத் திறப்பார். மகள் பெயர் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், நான் வாயில் கவளத்தோடு இருக்கும்போது கேட்டார்: "மாப்பிள்ளை, படம் எடுக்கிறது அவ, பேரு உங்களுது. நாளைக்குப் பிரசவத்துக்கும் நீங்கதான் போய்ப் படுப்பீங்களா?"

"விடும்மா. பேரை வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணப்போறாரு, பாவம்" என்றாள் என் மனைவி.

மாமியார் சொன்னதை மறந்துவிட்டேன். அந்தப் 'பாவம்' மட்டும் எங்கோ தங்கிவிட்டது.

இனி, நாங்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கட்டடத்தை நேராக எடுக்க வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் நடப்பாள். நான் அவள் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வேன். 'வா' என்றால் வருவாள். 'நில்லு' என்றால் நிற்பாள். நடைபாதை, படிக்கட்டு, சாக்கடை ஓரம், நடுச்சாலை, எல்லா இடத்திலும் இப்படித்தான். ஒருமுறை ஒரு பஸ் டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் தலையை நீட்டி, "ஏம்மா, முதுகுல கண்ணு இருக்கா?" என்று கத்தினார்.

"இருக்குண்ணே, இதோ நிக்குது" என்று திரும்பாமலே என்னைக் காட்டினாள்.

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு கால் சுளுக்குகூட வந்ததில்லை. இதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

போன மாதம் புகைப்படக்காரர்கள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகவே பேசினேன். பிறர் தளத்தில் படம் போடுவது வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி, ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்; சொந்தத் தளத்தில் எந்தப் படம் முதலில், எது பெரிதாக, யாருக்கு விற்பது, எல்லாம் உங்கள் இஷ்டம்; எடுத்தவர் பெயரை எவனும் அழிக்க முடியாது. கைதட்டினார்கள். கடைசி வரிசையில் என் மனைவி எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினாள்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "ஓனர், நல்லாப் பேசினீங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எனக்கே ஆசை வந்துடுச்சு. நானும் ஒண்ணு ஆரம்பிக்கப்போறேன்."

"என்னது?"

"தளம்தான். என் பேர்ல. நான் எடுத்ததெல்லாம் அங்க போயிடும்."

வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரனிலேயே என் வம்சத்தைத் திட்டிவிட்டுப் போனான்.

"அப்ப நம்ம தளம்?"

"அது உங்க தளம்தானே. உங்க படத்தைப் போட்டுக்குங்க."

அவள் குத்திக்காட்டவில்லை, மேடம். அப்படிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையிலேயே எனக்கு நல்ல யோசனை சொல்வதாக நினைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் படங்கள் போய்விட்டால் என் தளத்தில் மிஞ்சுவது 'எங்களைப் பற்றி' என்ற பக்கமும் 'தொடர்புகொள்ள' என்ற பக்கமும். 'எங்களைப் பற்றி'யில் என் முகம் இருக்கிறது. அந்தப் படமும் அவள் எடுத்ததுதான்.

ஆனாலும் அவளுக்கு நான் உதவினேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். அவள் தளத்தை நானே உட்கார்ந்து அமைத்தேன். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், படங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். பெயர்க் கட்டம் வந்தபோது, "தள்ளுங்க, இதை நான் போடறேன்" என்று நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால் தட்டினாள். தட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அடுத்து எங்களுக்கு வந்திருந்த வேலை ஒரு புதிய அலுவலகக் கட்டடம். அதை எடுத்து முடித்ததும், அதையே முதல் படமாகப் போட்டுத் தளத்தைத் திறப்பதாக இருந்தாள்.

மொட்டை மாடியில் வளைந்த கூரையோடு ஒரு சிறிய கூடம் கட்டியிருந்தார்கள். அதைத்தான் எடுக்க வேண்டும். கூட வந்த பொறியாளர் சொன்னார்: "அந்தப் பக்கம் மட்டும் பாத்துக்குங்க சார். கைப்பிடிச் சுவர் அடுத்த வாரம்தான் வருது." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவரைக் கீழே போயிருக்கும்படி சொன்னதும் நான்தான். அவருடைய நிழல் படத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால்தான் வளைவு முழுதாக வரும் என்று அவளிடம் சொன்னதும் நான்தான். அது உண்மை. விஷயம் தெரிந்த யாரையாவது அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேமராவை அவளே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "இன்னிக்கு நீங்களும் எடுங்க, ஓனர். உங்க தளத்துக்கும் ஏதாவது வேணும்ல" என்றாள்.

கையில் கேமரா இருந்ததால் இடுப்பு வாரைப் பிடிக்க முடியவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"இடம் இருக்கா?"

"இருக்கு. வா."

"இன்னும்?"

"வா."

அவளை நான் தள்ளவில்லை. தொடவே இல்லை.

லென்ஸ் எடுக்கக் கீழே காருக்குப் போயிருந்தேன் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். நம்பினார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் அழுததும் நடிப்பில்லை. அவளை மாதிரி இன்னொருத்தி எனக்குக் கிடைக்க மாட்டாள் என்பது எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. வேலை நடக்கிற இடத்திலிருந்தே படங்கள் தளத்துக்குப் போய்ச் சேரும்படி, இரண்டாவது கேமராவை என் போனோடு இணைத்து வைத்திருந்தேன். எடுத்த படம் தானாகவே முகப்பில் ஏறிவிடும், கீழே பெயரோடும் இடத்தோடும் நேரத்தோடும். யாருடைய அனுமதியும் தேவையில்லை. சங்கத்தில் பேசியபோது இதைத் தனியாகவே புகழ்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது மாமியார் போன் செய்தார். ஊரிலிருந்து கிளம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, தளத்துல அவ படம் ஒண்ணு வந்திருக்கு. பாத்தீங்களா?"

"இல்லையே அத்தை."

"அவ பாதம் பாதி வெளிய இருக்கு. நீங்க கீழ இருந்தீங்கன்னுதானே சொன்னீங்க. அப்ப இதை எடுத்தது யாரு? அந்த இன்ஜினியரா?"

போனிலேயே தளத்தைத் திறந்து பார்த்தேன். மேடம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூரையின் வளைவும், அவள் முதுகின் வளைவும், பின்னால் வெறும் வானமும். ஒரு கோடுகூடச் சாயவில்லை. அவள் முகத்தில் துளிப் பயமில்லை. கேட்டு நடந்து பழகிய ஒருத்தியின் முகம். இவ்வளவு சுத்தமான படத்தை நான் அதுவரை எடுத்ததே இல்லை.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்ஜினியர் என்றும் சொல்லியிருக்கலாம். மாமியார் தொடர்ந்து பேசினார்.

"கீழ உங்க பேருதான் போட்டிருக்கு. அது எல்லாத்துலயும்தான் இருக்கும், அதை யாரு பாத்தா. இது உங்க கை இல்லைன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நல்லா உங்களுக்கு வராது. யாருன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. பக்கத்துல நின்னுக்கிட்டு எம் பொண்ணை இழுத்துப் பிடிக்காம படம் புடிச்சவன் யாருன்னு நான் பாக்கணும்."

"நான்தான் அத்தை எடுத்தேன்" என்றேன்.

அவர் அழவில்லை. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, உங்களைக் கூப்பிட்டார்.

நேற்று என் வக்கீல் வந்திருந்தார். கெட்டிக்காரர். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "சார், கேமராவை அங்க வெச்சுட்டு நீங்க கீழ போயிட்டீங்க. அது டைமர்ல தானா எடுத்துக்கிச்சு. எடுத்த ஆளுன்னு யாருமே இல்ல. இதை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். உங்க மாமியார்கிட்ட போன்ல சொன்னது துக்கத்துல உளறினதுன்னு சொல்லிடலாம்."

யோசித்துப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போகும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே எழுதிவிடுகிறேன். மாடியில் நான் இருந்தேன். விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் 'வா' என்றேன். இரண்டாவது முறை 'வா' என்றபோது இடம் இல்லை. அவள் எடுத்து வைக்கப்போகிற அடிக்காகக் காத்திருந்து, சரியான கணத்தில் அந்தப் படத்தை எடுத்தேன். நானே எடுத்தேன். ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் பெயரிலோ யார் பெயரும் இல்லாமலோ விட்டுவைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.