எனக்கென்று ஒரு மணி நேரம்

எனக்கு டீ ஆறிப்போனால் பிடிக்காது. ஆறியதைத் திரும்பச் சூடாக்கிக் குடிப்பதற்குக் குடிக்காமலே இருக்கலாம். இதை முதலில் சொல்லக் காரணம், நான் என்னவோ பெரிதாக ஆசைப்பட்டுவிட்டதாக நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். நான் ஆசைப்பட்டது சாயங்காலம் ஒரு மணி நேரம், அதில் ஒரு டீ. வேறொன்றும் இல்லை.

வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் அளவு கொடுக்க வருகிறவர்கள், கை இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. இதற்கு நடுவில் அக்கா வந்து சேர்ந்தாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்ததும் நேராக என் வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அவள் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போனில், "சித்தி, உங்களை மாதிரி யாரு பாத்துப்பா? உங்களுக்குன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கோங்க" என்பான். நல்ல பிள்ளை. அவன் சொன்னதைத்தான் செய்தேன்.

அக்காவுக்குக் கனத்த உடம்பு. கழிவறைக்கு என்றால் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டும், உட்கார வைக்க வேண்டும், கழுவி, துணி மாற்றி, மறுபடி படுக்க வைக்க வேண்டும். சொல்லிவைத்தாற்போல் நான் டீயைக் கையில் எடுக்கும்போதுதான் கூப்பிடுவாள். திரும்பி வந்தால் டீயில் ஆடை படர்ந்திருக்கும். சில நாள் கவனித்ததில் விஷயம் பிடிபட்டது. மதியம் தண்ணீர் கொடுத்தால் சாயங்காலம் கூப்பிடுகிறாள். கொடுக்காவிட்டால் கூப்பிடுவதில்லை.

"பாப்பா, தொண்டை காயுது" என்றாள். இந்த வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான்.

"டாக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லியிருக்கார்க்கா. கால்ல நீர் கோத்துக்குமாம்."

"அப்படியா? சரி, அவர் சொன்னா செய்ய வேண்டியதுதான்."

அவ்வளவு சுலபமாக முடிந்தது. அக்கா சட்டம் என்றால் சட்டம் என்று வாழ்ந்தவள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதே பள்ளியில்தான் நான் படித்தேன். தாமதமாக வந்தால் தங்கை என்றுகூடப் பார்க்காமல் வெயிலில் நிறுத்துவாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தபோது அக்காவே கையை உயர்த்தித் தடுத்தாள். "வேணாம்மா. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார்." உதடு வெடித்திருந்தது, பார்வை மட்டும் டம்ளரை விட்டு நகரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியை உதறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதியத் தண்ணீரை நிறுத்தியது நல்ல பலன் தந்ததால் காலையிலும் குறைத்தேன். பிறகு மாத்திரைக்கு ஒரு மடக்கு என்று ஆக்கினேன். தையல் வேலை நேரத்துக்கு முடிந்தது. சாயங்காலம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, டீயைச் சூடாகக் குடித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு எனக்கு மனம் நிறைந்திருந்தது.

வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்துகொண்டிருந்தாள். "நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு. தண்ணி நெறையக் குடுங்க" என்றாள். பதில் சொன்னது நானில்லை. "பெரிய டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று அக்கா அதட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன்.

அக்காவின் உதட்டுக்கு வாஸ்லின் தடவினேன். கடமையில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சுக் குழறியது. சுவரைப் பார்த்து மாணவிகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்தாள். அதில் எனக்குத் தொந்தரவு இல்லை. என்னைக் கூப்பிடவில்லையே.

அன்றைக்கு டீயை ஊற்றி உட்கார்ந்தபோது கூடத்தில் வாக்கர் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. நின்று நின்று வந்தது. யாரும் பிடிக்காமல் அக்கா தானாக எழுந்து நடந்து வருகிறாள் என்று புரிந்தது. அவள் நடந்துவிட்டால் இனி நான் தூக்க வேண்டியதில்லை, தண்ணீரைக் குறைக்கவும் வேண்டியதில்லை. அதுவும் எனக்குப் புரிந்தது. எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன்.

விரல் நுனியால் தட்டுவது கேட்டது.

"பாப்பா, ஒரே ஒரு வாய் தண்ணி குடு. டாக்டர்கிட்ட சொல்லாதே."

வாழ்க்கையில் அக்கா விதியை மீற நினைத்தது அந்த ஒரு தடவைதான். குழறிய குரலில் கெஞ்சல் இருந்தது. அப்படி அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. திறந்திருக்கலாம். குடம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாக்கர் சாய்ந்தது, கூடவே அவளும் விழுந்தாள். கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் பிறாண்டுவது கொஞ்ச நேரம் கேட்டது. டீயை மெதுவாகக் குடித்து முடித்தேன்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், அவள் என்னால்தான் செத்தாள். ஆனால் என் நேரம் முடிந்ததும் நான் கதவைத் திறந்தேன். திறக்கும்போது என் கையில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.