திரும்பாதீங்க சார்

புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும் முதல் மாதம் தோள் வலிக்கத்தான் செய்யும், இன்ஸ்பெக்டர் சார். டென்னிஸ் ஆகட்டும், கைத்துப்பாக்கி ஆகட்டும். 2004இல் செங்கல்பட்டுக்கு வெளியே துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தபோது எனக்கும் வலித்தது. அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

சேரச் சொன்னது என் மகள் பிரதீபா. சிறுசேரியில் கூட வேலை பார்த்த ஜோஷ்வாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிறுதோறும் அவன் அந்தச் சங்கத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். "கொஞ்ச நாள் பழகிப் பாருங்கப்பா, உங்களுக்கே பிடிச்சுடும்" என்றாள். அவள் சொன்னது சரி. பிடித்துத்தான் இருந்தது.

எனக்கு சாதி வித்தியாசம் கிடையாது. கல்பாக்கம் ஆபீஸ் கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஜோஷ்வா செய்யூர் பக்கம். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. எந்தத் தெரு என்று ஒருமுறை கேட்டேன். சொன்னான்.

நல்ல வாத்தியார். என் குண்டுகள் எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சத்தத்துக்குப் பயந்து மணிக்கட்டை முன்கூட்டியே அமுக்குகிறேன் என்று கண்டுபிடித்தான். "வெடிக்கப்போவுதுன்னு காத்துக்கினு கீறீங்க சார். விசைய மெதுவா இழுத்துக்கினே இருங்க, அது எப்ப வெடிச்சா உங்களுக்கு இன்னா" என்றான்.

ஒரு நாள் இழுத்தும் வெடிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க, துப்பாக்கியோடு அப்படியே பின்னால் திரும்பிவிட்டேன். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம். ஜோஷ்வா சட்டென்று தரையில் விழுந்து படுத்தான். குறிபார்த்துச் சுடும் தாள்களை மாற்றும் சின்னராசு, "இன்னா சார், எங்க உசுரு வெளையாட்டா கீதா" என்று கத்தினார். செயலாளர் ராஜாராம் என்னைச் சங்கத்தை விட்டே நீக்கிவிடுவேன் என்றார். ஜோஷ்வாதான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சார் புதுசு, வுடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றான். என்னிடம், "கையில துப்பாக்கி கீறப்போ திரும்பாதீங்க சார். வாயால கூப்புடுங்க, நான் வரேன்" என்றான்.

சத்தியமாக அது தெரியாமல் செய்த தவறுதான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள், புதியவன் செய்தால் எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அதன்பின் குண்டில்லாத துப்பாக்கியோடு இன்னும் சில தடவை திரும்பினேன், ராஜாராமின் கண் முன்னால். ஒவ்வொரு முறையும் ஜோஷ்வா எனக்காகக் கெஞ்சினான். அதற்குள் எனக்கு நன்றாகச் சுட வந்துவிட்டது. வந்த வித்தையைக் காட்டாமல் இருப்பதுதான் சிரமம். வேண்டுமென்றே குண்டுகளைத் தாளின் ஓரத்தில் சிதறவிட்டேன். அவன் முகம் சுளிக்காமல், துப்பாக்கியைப் பிடிப்பதிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தான்.

தையில் கல்யாணம் என்று நான் சம்மதம் சொன்ன வாரம் அது. அந்த ஞாயிறு டீ வாங்கி வந்து, முதல்முறையாக "மாமா" என்று கூப்பிட்டான். பிறகு வழக்கம்போல என் பின்னால் வந்து நின்றான். "வெடிக்கலையேப்பா" என்றபடி திரும்பினேன். இந்த முறை அவன் படுக்கவில்லை. என் வெறும் துப்பாக்கி அவனுக்குப் பழகிப்போயிருந்தது. சிரித்துக்கொண்டே அதை வாங்கக் கை நீட்டினான். அவன் சொல்லிக்கொடுத்தபடியே, மெதுவாக இழுத்தேன்.

சார் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் திரும்புவார் என்று சின்னராசுவும் ராஜாராமும் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். கவனக்குறைவு என்று தீர்ப்பானது. அபராதம் கட்டிவிட்டு வந்தேன்.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைக்காதீர்கள். சோறு இறங்குவதில்லை. அவன் அம்மா செங்கம்மாள் கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா சார் பண்ணுவ, எம்புள்ள விதி" என்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிரதீபா அதன்பின் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக என்னைத்தான் பார்த்துக்கொள்கிறாள். நேற்று சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தானேப்பா உங்கள அங்க அனுப்பினேன். உங்க கையில அந்தப் பாவத்தை வச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.