தானாக விழுந்தவனல்ல ஜெயவேல்

கப்பலும் கப்பலும் மோதிக்கொண்டு எண்ணூர்க் கடல் தாராய்க் கறுத்த வருஷம் அது, அவைத் தலைவர் அவர்களே! புயலில் சாய்ந்த மரங்களைத் தெருவுக்குத் தெரு இன்னும் அறுத்துக்கொண்டிருந்த வருஷம், மேடையை நிறைத்திருக்கும் சங்கத்துப் பெரியோர்களே! செல்லாமல் போன நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாங்க் வாசலில் வெயில் குடித்துவிட்டு வந்திருந்த வருஷம், என் வயதில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஓரிரு மூத்தவர்களே! மாட்டுக்காகப் பிள்ளைகள் மெரினா மணலில் படுத்துக் கிடந்து எழுந்த வருஷம், இறால் உரித்து உரித்து விரல் வெளுத்த கையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! டிரெய்லர் ஓட்டும் தம்பிகளே! அந்த டிரெய்லருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே இரண்டு முழ இடத்தில் பைக் ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த வெள்ளத்துரையின் வணக்கம்.

அந்த வருஷம் மாசியில் நாம் என்ன செய்தோம்? கடலில் மிதந்த எண்ணெயை வாளியால் அள்ளினோம். கப்பல் கொட்டியதை மனிதன் கையால் அள்ளினான். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு பங்குனி போய்ச் சித்திரை வந்தும் போகவில்லை. சும்மா இருந்தோமா? இல்லை. கடல் கெட்டது, மீன் கெட்டது, எங்கள் தொழில் கெட்டது, இழப்பீடு கொடு என்று கொடி பிடித்தோம், கோஷம் போட்டோம், கலெக்டர் ஆபீஸ் கதவைத் தட்டினோம். கடலுக்காகக் கேட்க நமக்கு வாய் இருந்தது.

அதே மாசியில், அதே கரையில், நம் பிள்ளை ஒருவனின் கால் போனபோது அந்த வாய் என்ன சொன்னது? அதைச் சொல்லத்தான் வந்து நிற்கிறேன்.

பச்சையம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எக்ஸ்பிரஸ் ரோட்டின் ஓரத்தில் கூழ்க்கடை போட்டிருந்தவள். துறைமுகக் கேட்டுக்குள் போக டிரெய்லர்கள் வாலும் தலையும் தெரியாமல் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசைக்குச் சோறு போட்டவள் அவள்தான். ஸ்டியரிங் பிடித்தபடி இரண்டு நாள், மூன்று நாள் காய்ந்து கிடக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரு சொம்பு கூழும் ஒரு துண்டு கருவாடும் அவள் கையால். காசு இருந்தால் கொடு, இல்லாவிட்டால் அடுத்த லோடுக்குக் கொடு. அப்படி வருபவர்களில் ஓர் ஓட்டுநர். அவர் குரல் கேட்டாலே பச்சையம்மா சொம்பை எடுத்துவிடுவாள்.

"இன்னா ஆயா, கூழு தண்ணியா கீது? கடல்லயிருந்து மொண்டுகினு வந்தியா?"

"கடல்ல மொண்டா கறுப்பா இருக்கும்டா பேமானி. மூடிகினு குடி."

காய்ச்சலில் அந்த ஆள் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தபோது, ஏறிப் போய் வாயில் ஊற்றியவள் அவள். பெற்ற பிள்ளை ஜெயவேல் ஒன்று, பெறாத பிள்ளை இது ஒன்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

ஜெயவேல் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பைக்கின் பின்னால் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு வந்து ஆத்தாளுக்கு இறக்கிவிட்டுப் போவான். அன்றைக்கும் வந்தான். கடை எதிரில் தெரிகிறது, ஆத்தா நிற்பது தெரிகிறது. அப்போது வரிசை நகர்ந்தது. வரிசை நகர்ந்தால் என்ன ஆகும் என்று டிரெய்லர் தம்பிகளுக்குத் தெரியும். இடம் விட்டால் இன்னொருவன் மூக்கை நுழைப்பான். மறுபடியும் ஒரு பகல் போகும். அந்தப் பதற்றத்தில், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல், வண்டியை ஒடித்துத் திருப்பினார் ஒருவர். ஆம், அவரேதான். அந்தக் கூழ் குடித்த ஓட்டுநரேதான். பின்சக்கரம் பைக்கின் மேல் ஏறியது. பைக்கின் கீழே ஜெயவேலின் வலது கால்.

யாரப்பா அங்கே? என்ன கேட்கிறாய்? ஹெல்மெட் போட்டிருந்தானா என்றா? போட்டிருந்தான் கண்ணு. தலை தப்பியது. காலுக்கு ஹெல்மெட் எந்தக் கடையில் விற்கிறது, சொல், வாங்கித் தருகிறேன்.

பின்னாலிருந்து வந்ததை ஜெயவேல் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மூன்றே பேர். கரண்டியும் கையுமாக நின்ற பச்சையம்மா. எதிரே பஞ்சர் கடை வேலப்பன். பிறகு, சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்த அந்த ஓட்டுநர்.

அவர் ஓடவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஓடவில்லை! குதித்து இறங்கி, தன் லுங்கியைக் கிழித்துத் தொடையில் கட்டி, ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களை இறக்கிவிட்டு அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அந்த ஆட்டோவுக்குள், மகன் தலையை மடியில் வைத்திருந்த பச்சையம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கண்ணாடிய பாக்கல ஆயா... நா பாக்கல. கேசுன்னா என் லைசென்சு பூடும். ரெண்டு பொட்டப் புள்ளைங்க ஆயா."

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேட்டார், "எப்படிம்மா ஆச்சு?" அவள் சொன்னாள்: "தானா வுயுந்துட்டான் சார். மண்ணுல சறுக்கிகினு."

தாய்மார்களே, அவள் மட்டுமா சொன்னாள்? நாம் சொன்னதில்லையா? இந்தக் கரையில் எத்தனை ஆஸ்பத்திரி வாசல்களில், எத்தனை வாய்கள், எத்தனை வருஷங்களாக இதைச் சொல்லி வருகின்றன! இடித்தவன் நம்மவன், பாவம், தானா விழுந்துட்டான் என்று சொல். கேஸ் என்றால் பைக்கை ஸ்டேஷனில் போட்டுத் துரு ஏற்றுவார்கள், தானா விழுந்துட்டான் என்று சொல். போலீஸ் வருகிறவரைக்கும் வைத்தியம் பார்க்க மாட்டார்களாம், தானா விழுந்துட்டான் என்று சொல். தானாக விழுந்தானா? தார் ரோட்டுக்குத் தன் காலைத் தானே தானம் கொடுத்தானா? லாரியும் இல்லை, லோடும் இல்லை, வெறும் காற்று வந்து எலும்பை நொறுக்கியதா? டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். நாம் சொன்னதை அவர் எழுதினார். காலை எடுத்தது டிரெய்லர். அந்தக் காலுக்கான நியாயத்தை எடுத்தது நம் இரக்கம்!

கேள்வி ஒன்று கேட்கிறேன். பச்சையம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஓட்டுநர் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டுமா? வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். நீங்களும் நினைக்கிறீர்கள். எனக்கும் தெரியாது. வக்கீல் ஞானசெல்வி சொல்லித்தான் தெரியும். நம் திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர் மகள். இதோ மேடையில் இருக்கிறது அந்தப் பிள்ளை. "தாத்தா, வண்டிக்காரங்க வருஷா வருஷம் இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டுறாங்க? முன் கண்ணாடியில மாலை போடுற மாதிரி அழகுக்கா? இடிபட்டவனுக்குக் கொடுக்கத்தான். டிரைவர் பையிலேர்ந்து இல்ல, கம்பெனி பையிலேர்ந்து" என்றது. அந்த வார்த்தை என் காதில் விழுந்தபோது பச்சையம்மா பக்கத்தில்தான் இருந்தாள். தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதன்பிறகுதான் புகார், அதன்பிறகுதான் வழக்கு. கால் போன பிள்ளையை ஊனத்துக்கு அளவு போட அனுப்பினார்கள். அங்கே கூட்டமாக உட்கார்ந்திருந்த டாக்டர்கள் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். ஜெயவேல் குறும்புக்காரன். "மீதி சதவீதம் தானா நடந்து வூட்டுக்குப் போய்டுமா சார்?" என்று கேட்டுவிட்டான். சிரிக்கிறீர்கள். அவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவன், பொங்கல் வந்த அன்றும் எழவில்லை.

விபத்து வழக்கு மன்றத்தில் பச்சையம்மா கூண்டில் ஏறினாள். இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, ஆஸ்பத்திரியில தானா விழுந்தான்னு சொன்னீங்க. இங்க லாரி இடிச்சுதுங்கிறீங்க. எது பொய்?"

"அங்க பாவம் பாத்துச் சொன்னன் சார். இங்க வவுறு பாத்துச் சொல்றன். நடுவுல எம் புள்ள காலு பூட்ச்சு."

என்ன பதில் அது! எந்தப் புலவனுக்கு வரும் அந்த வார்த்தை? ஆனால் அந்த வார்த்தைதான் வழக்கைக் கொன்றது. வயிற்றுக்காகச் சொல்கிறாள், காசுக்காகச் சொல்கிறாள் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வேலப்பன் வந்து சொல்வான் என்று காத்திருந்தோம். கொரோனா வந்தது, கோர்ட்டை மூடினார்கள், கோர்ட் திறந்தபோது வேலப்பன் இல்லை. வழக்கு தள்ளுபடி. பச்சையம்மா அதற்குப் பிறகு கடை போடவில்லை. சாகிற அன்று மருமகள் எழில்மொழியின் கையைப் பிடித்து, "என் வாயாலயே ரெண்டாவது தபா வெட்டிட்டேன்டி அவன் கால" என்றாளாம். அந்த வாக்கியத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

ஏன் அழுகிறீர்கள் தாயே? அழாதீர்கள். கதை முடியவில்லை.

மேலே உள்ள கோர்ட் வழக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டி வா, இன்னொரு முறை கேட்கிறோம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை வாய்தா. அன்றைக்கும் சாட்சி இல்லையென்றால் அந்த வாசல் மூடியது மூடியதுதான்.

நான் போகிறேன் என்றேன். பச்சையம்மா வாயால் நான் கேட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போனதில்லை. ஞானசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டது. "தாத்தா, நீங்க சொல்றது எனக்குப் போதும். ஜட்ஜுக்குப் போதாது. நீங்க கேட்டவர், பார்த்தவர் இல்ல." ஆமாம். அன்றைக்கு நான் கடற்கரையில் வாளியோடு நின்றேன். என் நினைவு முழுவதும் ஒரு கண்ணுக்கு ஈடில்லை.

எழில்மொழி அந்த ஓட்டுநரின் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். அவர் வாசலிலேயே நின்றார். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார். இவள் சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு கீதுண்ணா. அது அவங்கப்பன நிக்கவச்சுப் பாத்ததே இல்ல." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினாராம்.

யார் அது, "பேரைச் சொல்லு நைனா"ன்னு கத்துவது? விசில் வேறா? பேரைச் சொன்னால் என்ன செய்வாய்? கல்லைத் தேடுவாயா? அவர் வண்டிக் கண்ணாடியை உடைப்பாயா? கீழே போடு தம்பி. கல் எறிய வேண்டுமென்றால், நம் ஒவ்வொருவர் வாயின் மேலும்தான் எறிய வேண்டும். நான் பேர் சொல்வது அடிக்க அல்ல. அழைக்க.

தம்பி, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த மைக் குழாயின் சத்தம் டிரெய்லர் வரிசையின் கடைசி வண்டி வரைக்கும் போகும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ சாட்சி சொன்னால் உன் மேல் கேஸ் வரும். அபராதம் வரலாம். லைசென்ஸைக் கொஞ்ச காலம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் உன் வீட்டில் உலை கொதிக்க இந்தச் சங்கம் பொறுப்பு. தலைவர் தலையாட்டுகிறார், அத்தனை பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜெயவேலுக்கு வர வேண்டியதில் ஒரு பைசா உன்னிடமிருந்து போகாது. நீ கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை." அன்றைக்கு அதை ஆட்டோவில் சொன்னாய். வியாழக்கிழமை கூண்டில் சொல். அவன் ஒரு நல்ல பொய்க்காலை மாட்டிக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவான். அவ்வளவுதான் அவன் கேட்பது.

உடன்பிறந்தவர்களே, நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவன் விழலாம். விழக்கூடாது, விழுந்தால், ஆஸ்பத்திரி வாசலில் வாயைத் திறக்கும் முன் பச்சையம்மாவை நினையுங்கள். இடித்தது எது என்று சொல்லுங்கள். இடித்தவன் உங்கள் அண்ணனாக இருந்தாலும் சொல்லுங்கள். உண்மை அவனைக் கொல்லாது. நம் பொய்தான் இரண்டு வீட்டையும் கொல்கிறது!

பந்தல் போட்ட பிள்ளைகளுக்கு நன்றி. குழாயை வரிசைப் பக்கம் திருப்பிக் கட்டிக் கொடுத்த மைக் செட்டுக்காரருக்கு நன்றி. பசியோடு உட்கார்ந்து கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பார்த்தவர்களில் பச்சையம்மா மண்ணுக்குள் போய்விட்டாள். வேலப்பன் சாம்பலாகிவிட்டான். இன்னும் மூச்சோடு இருப்பவர் ஒருவர். நம்மவர். நல்லவர். ஓடாதவர். அவருக்கு என் வணக்கம். அவர் பெயர் அன்பரசன்.