இரவல் பேர்

— மூணு தடவையா கூப்பிட்டாங்க?

— மூணு தடவைக்கா. நான் அசையாம உக்காந்திருக்கேன். யாரோ ஒருத்தி எழுந்திரிக்க மாட்டேங்குறாளே, உக்காந்தபடியே தூங்கிட்டா போலன்னு சுத்திச் சுத்திப் பார்க்குறேன்.

— அது உன் பேரு, குட்டி.

— தெரியும். நாலாவது தடவை அந்த அதிகாரி கவுண்டருக்குப் பின்னால எழுந்து நின்னு, எழுத்து எழுத்தா நிறுத்திப் படிச்சாரு. அப்பத்தான் தண்ணிக்கு அடியில இருந்து கேக்குற மாதிரி லேசாக் கேட்டுச்சு.

— நம்ம பேரு அவரு வாயில நுழைஞ்சிருக்காது.

— நல்லாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் காதுல ஏறல. உன் பேரைச் சொல்லியிருந்தா சட்டுன்னு எழுந்திருப்பேன்.

— மெதுவாப் பேசு. பாப்பா இப்பத்தான் தூங்கியிருக்கா. எங்க, கார்டைக் காட்டு.

— இந்தா.

— போட்டோவுல ஏன் இப்படித் திருதிருன்னு முழிக்குற?

— சிரிக்கக் கூடாதுன்னாங்க. சிரிக்காம இருக்கறதுன்னா எப்படின்னு யோசிக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

— "வேலை செய்ய அனுமதி உண்டு." அவ்வளவுதானா? இந்த ஒரு வரிக்கா மூணு வருஷம்?

— மூணு வருஷம் நாலு மாசம்.

— ஏன் நின்னுக்கிட்டே இருக்க? கோட்டைக் கழட்டு. வெளியில இன்னும் பனி விலகலையா?

— இல்லக்கா. எதிர்க் கட்டடமே தெரியல. விளக்குக் கம்பமெல்லாம் பாதிக்கு மேல கரைஞ்சு கிடக்கு. நடந்து வர்றப்ப என் காலடிச் சத்தம் வேற யாரோடதோ மாதிரி பின்னாலேயே வந்துச்சு. சந்தோஷமா இருக்கணும் தானே? என்னமோ, கனவுல வேற ஒருத்திக்கு நடக்குறதைப் பார்க்குற மாதிரி இருக்கு.

— மூணு வருஷமா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டே வேலைக்குப் போனவளுக்கு அப்படித்தான் இருக்கும். உக்காரு, டீ போடுறேன். ஆமா, பதினோரு மணிக்கே ஆபீஸ்ல முடிஞ்சிருக்கும். இப்ப மூணாகுது. எங்க சுத்தின?

— லாண்டரிக்குப் போனேன்.

— இன்னைக்கு உனக்கு லீவு தானே?

— உனக்குத்தான்கா லீவு. உன் பேர்ல தானே எழுதிக் கொடுத்தேன்.

— வார்த்தையில விளையாடாத. எதுக்குப் போன?

— சொல்லிட்டேன்.

— என்னத்தை?

— எல்லாத்தையும். நான் நீ இல்லன்னு.

— இரு, அடுப்பை அணைக்கிறேன். ம், இப்ப சொல்லு. யார்கிட்ட சொன்ன?

— கண்ணாடியம்மாகிட்ட.

— உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? மூக்குக் கண்ணாடியில எப்பவும் ஆவி படிஞ்சிருக்கேன்னு நாம விளையாட்டா ஒரு பேர் வெச்சோம். அதுக்காக அவங்க நம்ம ஒண்ணுவிட்ட சித்தி ஆயிடுவாங்களா? அங்க அவங்க சூப்பர்வைசர், குட்டி. ஒரு போன் பண்ணா உன் கார்டு போகும். கார்டை உனக்குக் கொடுத்ததுக்கு என்னோடதும் போகும். உங்க அத்தானும் பாப்பாவும் சேர்ந்து மூட்டை கட்டணும்.

— அதனாலதான் முதல்ல வக்கீல்கிட்ட கேட்டேன். நாமளா போய்ச் சொன்னா அபராதத்தோட முடிய வாய்ப்பிருக்கு, அவங்களாக் கண்டுபிடிச்சா தான் கஷ்டம்னாரு.

— வக்கீல்கிட்ட கேட்ட. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டா வேண்டாம்னு சொல்வ.

— வேண்டாம்னுதான் சொல்வேன். உடம்பு சரியில்லன்னு நின்னுட்டு, வேற எங்கேயாவது உன் பேர்ல சேர்ந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?

— நானும் அப்படித்தான் இருந்தேன். போன வாரம் அவங்க ஒரு காகிதத்தை நீட்டினாங்க. அடுத்த மாசத்துலேருந்து மடிக்குற பிரிவுக்கு நான்தான் பொறுப்பாம். மேல உன் பேரு அச்சடிச்சிருக்கு. மூணு வருஷமா உன் கையெழுத்தைத் தயங்காம போட்ட கை, அன்னைக்கு நின்னுபோச்சுக்கா. வீட்டுல படிச்சுட்டுப் போடுறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

— பொறுப்பா? என் பேர்லயா? நீ சொல்லவே இல்லையே.

— சொன்னா உனக்கு ஆசை வந்துடும்னு பயந்தேன்.

— எனக்கென்ன ஆசை?

— தினம் நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேப்பியே, "இன்னைக்கு நான் என்ன பண்ணேன்?"னு.

— அது சும்மா விளையாட்டுக்கு.

— விளையாட்டு இல்லக்கா. துணி தேய்க்குற ரோலருக்கு அந்தப் பக்கம் நிக்குறவ முகமே தெரியாது, வெள்ளை ஆவிக்குள்ளேருந்து ரெண்டு கை மட்டும் நீண்டு வந்து விரிப்போட முனையைப் பிடிக்கும்னு சொல்வேன். பாப்பாவுக்கு ஊட்டுற கையை அப்படியே நிறுத்திடுவ. "அப்புறம் நான் என்ன பண்ணேன்?"னு கேப்ப. அவ வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே இருப்பா.

— அந்தத் துண்டை எடு.

— அழறியாக்கா?

— இல்ல. குட்டி, இந்த வீட்டுல என் பேரைத் தேடிப் பாரு, கிடைக்காது. உங்க அத்தானுக்கு நான் "இந்தா". பாப்பாவுக்கு அம்மா. உனக்கு அக்கா. கீழ் வீட்டம்மாவுக்கு மேல் வீடு. அங்க நான் வேலை பார்த்தது பதினேழே நாள். அந்தப் பதினேழு நாளும் காலையில ஒருத்தங்க முழுசா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அப்புறம் வயித்துல இருக்குற பிள்ளை நிக்கணும்னா எழுந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— தெரியும்கா.

— உனக்குத் தெரியாது. மத்தியானத்துல இவ தூங்குனதும் ஜன்னல்கிட்ட உக்காந்துப்பேன். இந்நேரம் நான் அங்க விரிப்பு மடிச்சுக்கிட்டு இருக்கேன், யாரோ என்னைக் கூப்பிட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னு தோணும். சில நாள் கையெல்லாம் சோப்பு வாசனை கூட வரும். பொய்னு ஒரு நாளும் நெனச்சதில்ல.

— அதை நான் எடுத்துக்கிட்டேன்.

— எங்க எடுத்த? நான்தானே கொடுத்தேன். நீ படிக்க வந்த காலேஜை நாலே மாசத்துல இழுத்துப் பூட்டிட்டான். இங்கேயே தங்க மனு போட்டாச்சு, முடிவு வர்ற வரைக்கும் இருக்கலாம், ஆனா வேலை பார்க்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ மூலையில உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த. நான் படுக்கையில. நம்ம ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணுதானேன்னு கார்டை உன் கையில வெச்சு அழுத்தினது நான்தான்.

— பள்ளிக்கூடத்துலயே மாத்திக் கூப்பிடுவாங்க.

— மாத்தி அடியும் விழும். உன் சேட்டைக்கு நான் எத்தனை வாங்கியிருக்கேன்.

— இந்தத் தடவையும் நீ வாங்கிடக் கூடாதுன்னுதான் போனேன்.

— சரி விடு. அவங்க என்ன சொன்னாங்க? அதைச் சொல்லு முதல்ல.

— எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாங்க. மெஷின் இரைச்சல் எங்கேயோ தூரத்துக்குப் போயிடுச்சு. கண்ணாடியைக் கழட்டி, மேலங்கி நுனியில துடைச்சாங்க. அவங்க கண்ணை அப்பத்தான்கா முதல் தடவையாப் பார்க்குறேன். ரொம்ப நாள் தூங்காத கண்ணு.

— கண்ணைப் பத்தி அப்புறம் சொல்லலாம். போலீஸைக் கூப்பிட்டாங்களா இல்லையா?

— இல்ல. "நீ வந்து சேர்ந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்"னாங்க.

— என்னது?

— "பதினேழு நாள் வந்தவ இடது கையால மடிச்சா. அதே கார்டோட அடுத்து வந்தவ வலது கையால மடிச்சா. அந்த ஆவியில முகத்தை யார் பார்க்குறா? எனக்குக் கைதான் அடையாளம்"னாங்க.

— மூணு வருஷமா தெரிஞ்சுக்கிட்டே இருந்தாங்களா?

— ஒரு தடவை சோதனைக்கு ஆள் வந்தாங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. உன்னைக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க, தப்பிச்சேன்னு சொன்ன.

— வெள்ளைத் திரைச்சீலை எல்லாம் அடுக்கி வெச்சிருக்குற கிடங்கு. மதியம் முழுக்க அந்த வெள்ளைக்குள்ள உக்காந்திருந்தேன், மேகத்துக்குள்ள ஒளிஞ்ச மாதிரி. தற்செயலா அனுப்பினாங்கன்னு நெனச்சோம். தற்செயல் இல்லக்கா.

— அடக் கடவுளே.

— உன்னைப் பத்திதான் முதல்ல கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குக் குழந்தை நல்லபடியாப் பொறந்துச்சான்னு.

— நான் யார்கிட்டயும் சொல்லலையே.

— நீ ஈர மூட்டையைத் தூக்கப் போனப்ப உன் கை வயித்துக்குப் போச்சாம். அவங்களே வாங்கித் தூக்கினாங்களாம்.

— ஆமா. தூக்கினாங்க. எனக்கு மறந்தே போச்சு பாரேன்.

— அப்புறம் ஒரு காகிதம் எடுத்து என் பேரைக் கேட்டாங்க. சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதினாங்க. கீழேயே உன் பேரையும் எழுதினாங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க, முதலாளிகிட்டச் சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம்னாங்க. வேலை கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க முடியாதாம். ஆனா அங்க இப்ப ரெண்டு இடம் காலியாத்தான் இருக்காம்.

— ரெண்டா?

— ரெண்டு. அவரு சரின்னுட்டா உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவங்கவங்க பேர்ல.

— துரத்திவிட்டா?

— வேற இடம் தேடுவோம். அங்கேயும் அவங்கவங்க பேர்லதான்.

— பாப்பாவை யார் பார்த்துப்பா?

— அத்தானுக்கு நாளைக்கு மத்தியானம் தானே டூட்டி. காலையில பார்த்துக்கட்டும். அவரு பொண்ணு தானே.

— என் சட்டை ஒண்ணும் இப்ப எனக்குப் பத்தாது.

— என்னோடதைப் போட்டுக்கோ.

— குட்டி, முதலாளி முன்னால என்னால பேச வராது. இந்த ஊர் பாஷையே பாதி மறந்துபோச்சு. கடைக்காரன்கிட்ட விரலைக் காட்டித்தான் வாங்குறேன்.

— உன் பேரை மட்டும் நீ சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்குறேன்.

— சரி, வர்றேன். என்ன ஆனாலும் ஆகட்டும், வர்றேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. தெரிஞ்சும் மறைச்சாங்கன்னு அவங்க வேலையும்ல போகும்? கண்டும் காணாம இருந்துட்டுப் போகலாமே. நம்மகூட முதலாளிகிட்ட வரணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?

— நானும் அதையே கேட்டேன். உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு, நாங்களே போய்க்குறோம்னேன்.

— அதுக்கு என்ன சொன்னாங்க?

— "பேரைத் திருப்பிக் கொடுக்க உனக்கு அக்கா உயிரோட இருக்கா. இருபத்திரண்டு வருஷமா இங்க எல்லாரும் என்னைக் கூப்பிடுறாங்களே, அது செத்துப்போன என் அக்கா பேரு"ன்னாங்க.