யாருமில்லாத கடற்கரை

— மூணாவது பீச்சு, ஃபெபி. இதுவும் சரியில்லன்னா காரை நேரா ஹோட்டலுக்குத் திருப்பிடுவேன்.

— ஏங்க, முதல் பீச்ல பாட்டு அலறுச்சு. ரெண்டாவதுல அத்தனை பேரும் கிரேக்கத்துல கத்திட்டிருந்தாங்க.

— கிரீஸ்ல பின்ன தஞ்சாவூர்த் தமிழ்லயா கத்துவாங்க? நீச்சலடிக்க எதுக்கு இவ்ளோ அமைதி? கல்யாணமாகி பத்து வருஷம் கழிச்சு இப்பதான் வெளிய வந்திருக்கோம். வந்ததுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்க.

— நீந்துறதுக்கு இல்லீங்க. அம்மாவுக்கு போன் பண்ணணும்.

— அதுக்கு எதுக்குடி கடல்?

— நாளைக்கு அவங்களுக்கு ஆபரேஷன். மெட்ராஸ்ல ஆபீஸ் ஆடிட்டு, வர முடியாதுன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன்ல. அப்ப ஞாயித்துக்கிழமையாவது வேளாங்கண்ணி போயி, எனக்காக கடல்ல மூணு முழுக்கு போட்டு வேண்டிக்கன்னாங்க. சரின்னுட்டேன்.

— இன்னைக்குத்தான ஞாயிறு.

— ஆமா.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— டிக்கெட்ட மாத்த முடியாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?

— சரி, என் தலையில கட்டு.

— உங்களச் சொல்லல. பொய் சொன்னது நான்தான. வந்ததுலேர்ந்து சோறே எறங்கல. இப்ப உண்மையச் சொன்னா அந்த மனுஷி ஒடைஞ்சு போயிடும்.

— அந்தப் பாறைக்கு அங்கிட்டு ஒரு ஈ காக்கா இல்ல. வா. வீடியோவ மட்டும் போட்டுடாத.

— அம்மா, நான்தான். வேளாங்கண்ணி வந்துட்டேன்.

— வந்துட்டியா தங்கம். உன் தம்பி ஆன்டோ இப்பதான் கஞ்சி குடுத்துட்டு, மருந்து வாங்க கீழ போயிருக்கான். மாப்ள வந்திருக்காரா?

— பக்கத்துலதான் நிக்கிறாரும்மா.

— செருப்பக் கழட்டிட்டியா?

— கழட்டிட்டேம்மா.

— போனைக் கொஞ்சம் தண்ணிப் பக்கமா புடி. அலைச் சத்தத்தக் கேட்டுக்கறேன். நாளைக்கு தைரியமா இருக்கும்.

— கேக்குதாம்மா?

— கேக்குது. நல்லாக் கேக்குது.

— அம்மா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். நாப்பது வருஷமா வேளாங்கண்ணிக்குப் போறேன், ஃபெபி. ஞாயித்துக்கிழமைன்னா மாங்கா விக்கிறவன், பீப்பீ ஊதுற புள்ளைங்க, காணாமப்போன புள்ளைக்கு மைக்குல கூப்பாடு. அங்க அலைச் சத்தம் மட்டும் தனியா கேட்டு நான் பாத்ததே இல்ல.

— அம்மா, நான் வந்து...

— அழாத. நீ எங்க இருக்கன்னு நான் கேக்கல. எறங்கினதுதான் எறங்கின, எனக்கும் சேத்து மூணு முழுக்கு போட்டுட்டு வா. மாப்ளகிட்ட கையப் புடிச்சுக்கச் சொல்லு.

— என்னை மன்னிச்சிரும்மா.

— மெதுவா பேசு, ஆன்டோ வரான். ஆன்டோ, அக்காதான்டா. வேளாங்கண்ணியில இருக்காளாம். கூட்டம்னா கூட்டமாம், அவ பேசுறதே சரியா காதுல விழல.